பச்சை வெளிச்சம் மங்கிய அறை

வெள்ளி பூசிய அந்தக் கண்ணாடித் துண்டின் வெளிச்சம் குறைகிறது என்பதை முதலில் நான் நம்பவில்லை. என் கையில்தான் ஏதோ பிசகு என்று நினைத்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. திருப்பூருக்கு வெளியே ஒரு பெண்கள் கல்லூரியில் இயற்பியல் ஆசிரியையாக இருந்தேன். வேலை பார்த்துக்கொண்டே முனைவர் பட்டத்துக்கு ஆய்வும் செய்தேன். கோயம்புத்தூரில் இருந்த என் ஆய்வு வழிகாட்டி, தன் ஆய்வுக்கூடத்துக்குப் புது லேசர் வந்ததும் பழையதை எங்கள் கல்லூரிக்குக் கொடுத்துவிட்டார். கட்டடத்தின் பின்கோடியில் உடைந்த பெஞ்சுகள் கிடந்த அறையை எனக்கு ஒதுக்கினார்கள். உள்ளே பொட்டு வெளிச்சம் வரக் கூடாது. ராயபுரத்தில் பனியன் கட்டிங் வேஸ்ட் வியாபாரம் செய்துவந்த என் அத்தா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன்), ஏற்றுமதியில் கழிந்த கறுப்புத் துணியை ஒரு கட்டு அனுப்பிவைத்தார். அதை மடித்து மடித்து ஜன்னலில் ஆணி அடித்தேன். மேலே இருந்த வென்டிலேட்டரை மட்டும் காற்றுக்காக, வெளிச்சம் நேராக விழாதபடி அட்டையால் மறைத்துத் திறந்து வைத்திருந்தேன். அதற்கு அந்தப் பக்கம் காம்பவுண்டுச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சாயப்பட்டறை.

லேசரிலிருந்து வரும் கதிர் கண்ணுக்குத் தெரியாது. சிவப்புக்கும் அப்பாற்பட்ட ஒளி அது. “தெரியலைங்கறதுக்காக அது அங்கே இல்லைன்னு நினைச்சுடாதே. மேஜையில கதிர் போற உயரத்துக்குக் கண்ணைக் கொண்டுபோகவே கூடாது” என்று வழிகாட்டி முதல் நாளே சொல்லியிருந்தார். அவருடைய இடது கண் பார்வையின் நடுவில் ஒரு கரும்புள்ளி நிரந்தரமாக நின்றது. இளம் வயதில் ஒரு கணம் குனிந்துவிட்டதன் பலன். யாரோடு பேசினாலும் தலையைச் சற்றுச் சாய்த்தபடிதான் பேசுவார்.

அந்தக் கதிர் வெள்ளியின் மேல் படும்போது மிக அபூர்வமாக, இரண்டு ஒளித்துகள்கள் சேர்ந்து ஒரே துகளாக வெளிவரும். ஆற்றல் இரட்டிப்பாவதால் அதன் நிறம் பச்சை. வழுவழுப்பான வெள்ளியில் இது நடப்பதே தெரியாது. கண்ணாடியில் முதலில் கால்சியம் ஃபுளோரைடு பூசி, அதன்மேல் வெள்ளியை ஆவியாக்கிப் படியவிட்டால், வெள்ளி சொரசொரப்பாக அமரும். நூலிழையின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத மேடுபள்ளங்கள். மேடுகளின் முனையில் உலோகத்தின் எலெக்ட்ரான்கள் ஒளியோடு சேர்ந்து ஆடும். ஒளி அங்கே நெருக்கியடித்துக் கூடும். பச்சை பல மடங்கு பெருகும். எவ்வளவு மேடு இருந்தால், அடியிலும் மேலும் எந்தப் பூச்சு இருந்தால் அது மிக அதிகமாகப் பெருகும் என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை. நானோ என்ற சொல்லை எங்கள் பக்கம் அப்போது யாரும் சொன்னதில்லை.

அத்தாவிடம் ஒருமுறை, பனியன் துணியை ரைசிங் மெஷினில் விட்டுப் பஞ்சு எழுப்புவதுபோலத்தான் என்று சொன்னேன்.

“அப்ப வழவழன்னு இருந்தா மதிப்பில்லீன்னு சொல்லு” என்றார்.

“ஆமாங்கத்தா.”

“எங்க யாவாரத்துல சொரசொரன்னு இருந்தாக் கழிச்சுக் கட்டிருவாங்க கண்ணு.”

பச்சை அவ்வளவு பெருகியும் கண்ணால் பார்க்கிற அளவுக்கு இருக்காது. ஓர் ஒளிக்குழாய்தான் அதைப் பிடித்து மின்சாரமாக்கி மீட்டரில் காட்டும். கோயம்புத்தூரில் புதிதாகப் பூசிய துண்டுகளைப் பஞ்சு வைத்த டப்பாவில் போட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருவேன். முதல் நாள் மீட்டர் முள் நன்றாக ஏறும். மறுநாள் கொஞ்சம் குறையும். வாரக் கடைசியில் முள் கிட்டத்தட்ட எழுந்திருக்காது.

எங்கள் ஊர் மின்சாரம் ஏறி இறங்குவது வழக்கம். எனவே முதலில் லேசரைச் சந்தேகப்பட்டேன். அதைச் சோதிக்க ஒரு வழி இருந்தது. கதிரின் பாதையில் ஒரு படிகத்தை வைத்தால், அதுவும் கண்ணுக்குத் தெரியாத ஒளியைப் பச்சையாக மாற்றும். அந்தப் பச்சை சுவரில் பளிச்சென்று விழும். ஒவ்வொரு நாளும் முதலில் படிகத்தை வைத்துப் பார்த்தேன். சுவரில் அதே பச்சை. லேசர் சரியாகத்தான் இருந்தது. வெள்ளி மட்டும் செத்துக்கொண்டிருந்தது.

வழிகாட்டி முதலில் என்னைத்தான் கடிந்துகொண்டார். “விரல் பட்டிருக்கும். மூச்சுக்காத்து பட்டிருக்கும். கவனமா இரும்மா.” பிறகு அவரே அதே நாள் பூசிய துண்டுகளில் பாதியைத் தன்னிடம் வைத்துக்கொண்டார். அவரிடம் இருந்தவை வாரக்கணக்கில் அப்படியே இருந்தன. போனில் கேட்டார்: “உன் ரூம்ல என்னம்மா இருக்கு?”

அந்தக் கேள்வி எனக்குள் எங்கோ போய் உட்கார்ந்துகொண்டது. அதன் பிறகு அறையைத் திறக்கும்போதெல்லாம், எனக்கு முன்பே யாரோ உள்ளே வந்து நிற்பதுபோல் இருக்கும்.

கல்லூரியில் எனக்கு நெருக்கமாக இருந்தவள் வேதியியல் சொல்லிக்கொடுத்த என் தோழி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. கணவனுக்குப் பனியன் கம்பெனியில் கணக்கு வேலை கிடைத்து இங்கே வந்தவள். ஒரு மத்தியானம் அவளை அறைக்குக் கூட்டிப்போய்ப் பழைய துண்டு ஒன்றைக் காட்டினேன். ஜன்னல் துணியை விலக்கி, வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். ஓரங்களில் லேசாக மஞ்சள் பாரித்திருந்தது.

“ஏட்டி, இது சல்ஃபைடு” என்றாள். “ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு பட்டா வெள்ளி இப்படித்தான் ஆவும். இன்னும் கொஞ்ச நாள் போட்டு வச்சா கறுத்துரும். எங்கேருந்து வருது?”

நான் வென்டிலேட்டரைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள்.

அழுகிய முட்டை நாற்றம் அந்தப் பக்கம் எல்லோருக்கும் பழகிப்போயிருந்தது. மாணவிகள் துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு சிரிப்பார்கள். அந்தப் பட்டறையில் கறுப்புச் சாயம் ஓடியது. கறுப்புக்குச் சோடியம் சல்ஃபைடு போட்டுத் துணியை முக்குவார்கள். மிஞ்சிய தண்ணீர் சுவரோரம் மண்ணுக்குள் கட்டிய பெரிய தொட்டியில் போய் விழும். மேலே கான்கிரீட் பலகைகள் போட்டு மூடியிருந்தார்கள். வேறு சாயத்தின் அமிலத் தண்ணீரும் அதே தொட்டிக்குத்தான் வந்தது. “ரெண்டும் சேந்தா உள்ளே இந்த வாயுதான் கெளம்பும்னு ப்ளஸ் டூ பிள்ளைகூடச் சொல்லும்” என்றாள் தோழி.

அந்தப் பட்டறையில் வேலை செய்த ஒருவர் எங்கள் வீட்டிலேயே குடியிருந்தார். ராயபுரத்தில் எங்கள் வீட்டின் பின்பக்கம் இருந்த அறையில், ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்த இளம் தம்பதி வாடகைக்கு இருந்தார்கள். மனைவி பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போனாள். கணவர் சாயப்பட்டறைக்குச் சைக்கிளில் போய்வருவார். உரத்த குரல், எதற்கும் சிரிப்பு. ஊரிலிருந்து தன் சித்தப்பா மகனையும் வரவழைத்து அதே பட்டறையில் சேர்த்துவிட்டிருந்தார்.

அன்று சாயங்காலம் அவர் கையை நீட்டச் சொல்லிப் பார்த்தேன். விரலில் கிடந்த வெள்ளி மோதிரம் இரும்புபோல் கறுத்திருந்தது.

“வெளக்கி வெளக்கிப் பாத்துட்டேங்க்கா. ரெண்டு நாள்ல திரும்பக் கறுத்துருது” என்றார். “வெள்ளி மட்டம்னு கடைக்காரரோட சண்டையே போட்டுட்டு வந்தேன்.”

“வெள்ளி நல்ல வெள்ளிதாங்க. காத்துத்தான் சரியில்ல” என்றேன்.

அவர் மனைவி சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். அவர் சிரித்தார்.

எனக்கும் தோழிக்கும் ஒரு யோசனை தோன்றியது. ஒரே நாள் பூசிய துண்டுகளைப் பல இடங்களில் வைத்துப் பார்ப்பது. ஒன்றைக் காற்றுப் புகாத ஜாடியில் அடைத்தோம். ஒன்றை எங்கள் வீட்டு மாடியில் வைத்தேன். ஒன்று கல்லூரி முன்வாசல் அருகே. இன்னொன்றை, குடியிருந்தவர் மூலமாக, பட்டறைத் தொட்டியின் பலகை இடுக்குக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னோம். மறுநாள் எல்லாவற்றையும் அளந்தேன். ஜாடியில் இருந்தது புதிதுபோல் முள்ளை ஏற்றியது. மாடியில் இருந்தது சற்றே குறைந்திருந்தது. முன்வாசலில் வைத்தது பாதிக்கும் கீழே. தொட்டிப் பக்கம் இருந்ததை அளக்கவே தேவைப்படவில்லை. அது நீலமும் பழுப்புமாக மாறி, முகம் பார்க்க முடியாமல் கிடந்தது. இருந்தாலும் கதிரில் வைத்தேன். முள் அசையவில்லை.

என் ஆய்வுக்கு அது நல்ல முடிவு. மேற்பரப்பில் ஓர் அணு அடுக்கு மாறினால்கூட இந்தப் பச்சை அதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது என்று தெரிந்தது. ஆனால் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அந்தத் தொட்டியைச் சுற்றி ஆட்கள் வேலை செய்வதுதான் நினைவுக்கு வந்தது. அடுத்த நாள் நானும் தோழியும் பட்டறைக்குப் போனோம்.

முதலாளி எங்களை எழுந்து நின்று வரவேற்றார். கல்லூரிக்குப் புதுக் கட்டடம் கட்ட உதவியவர் அவர். எங்கள் முதல்வர் அவரிடம் பேசும்போது குரலே மாறிவிடும்.

“வாங்க டீச்சர், உக்காருங்க. டீ சாப்புடறீங்களா?”

தோழி நேராக விஷயத்துக்கு வந்தாள். தொட்டிக்குள் விஷவாயு தேங்கி நிற்கிறது, யாரையும் உள்ளே இறக்கக் கூடாது என்றாள். நான் கெட்டுப்போன வெள்ளித் துண்டை மேஜைமேல் வைத்தேன். அவர் அதைத் தொடாமல் பார்த்தார்.

“நாத்தம் இருக்கறது எனக்கும் தெரியுமுங்க. சாயப்பட்டறைன்னா பன்னீராட்டமா மணக்கும்?”

“நாத்தம் இருக்கறவரைக்கும் பரவாயில்ல சார்” என்றாள் தோழி. “வாயு கூடிப் போச்சுன்னா மூக்கு மரத்துரும். நாத்தம் நின்னுட்டுன்னு நெனைப்பாங்க. அப்புறம் ரெண்டு மூச்சுதான்.”

அவர் முகத்தில் ஒரு கணம் ஏதோ வந்து போனது. “நாங்க ஆளை எறக்கறதில்லீங்க. மோட்டார் போட்டுத்தான் உறிஞ்சறோம். நீங்க சொன்னதுக்கு அப்பறம் அந்தப் பேச்சுக்கே எடமில்லீங்க” என்றார். வாசல்வரை வந்து வழியனுப்பினார். திரும்பி வரும்போது அந்தத் தொட்டியைத் தாண்டித்தான் வர வேண்டியிருந்தது. பலகைகளின் மேல் துணி மூட்டைகளைப் போட்டு, அவற்றின்மேல் ஆட்கள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

குடியிருந்தவரிடமும் சொன்னேன். மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னேன்.

“நாங்க சும்மா எறங்க மாட்டோம்க்கா. கயித்துல லாந்தரைக் கட்டி உள்ள விடுவோம். வெளக்கு நின்னு எரிஞ்சா எறங்கலாம்னு பெரியாளுக சொல்லிருக்காக.”

“விளக்கு எரியும். நீங்க இருக்க மாட்டீங்க. இந்த வாயுவுக்கு விளக்கு காட்டினா நெருப்பே பிடிக்கும். உள்ள யாராவது விழுந்துட்டாக்கூட பின்னாடியே போயிராதீங்க. போனா ரெண்டு பேருக்குமே முடிஞ்சிரும்.”

அவர் சிரிக்கவில்லை. மனைவி அவர் கையைப் பிடித்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள். “எம்மேல சத்தியமா எறங்க மாட்டேன்னு சொல்லுங்க” என்றாள். அவரும் சொன்னார். மறுநாளே தம்பியிடமும் மற்றவர்களிடமும் இதைச் சொல்லிவிட்டதாகவும், எல்லோரும் கேலி செய்ததாகவும் வந்து சொன்னார்.

பொங்கலுக்குப் பட்டறைகளை அடைத்தார்கள். வெளியூர்க்காரர்கள் ஊருக்குப் போனார்கள். மெஷின் சத்தம் இல்லாமல் அந்தப் பக்கமே வெறிச்சோடிக் கிடந்தது. கல்லூரி திறந்ததும் நான் புதிய துண்டுகளோடு வந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் இன்னும் வேலை தொடங்கியிருக்கவில்லை. நாற்றமே இல்லை. மூடிக் கிடந்த தொட்டிக்குள் இத்தனை நாளும் வாயு கூடியிருக்கும் என்று தோன்றியதால் அது எனக்குப் பிடிக்கவில்லை.

காலைதான். படிகத்தை வைத்துச் சோதித்துவிட்டு, வெள்ளியை வைத்தேன். முள் நன்றாக ஏறியது. குறித்துக்கொள்ளப் பேனாவை எடுத்தேன். நிமிர்ந்து பார்த்தபோது முள் சற்று இறங்கியிருந்தது. கதிர் விலகியிருக்குமோ என்று படிகத்தை வைத்தேன். சுவரில் அதே பச்சை. மறுபடி வெள்ளியை வைத்தேன். முள் முன்பிருந்த இடத்துக்கு வரவில்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, யாரோ மெல்ல அழுத்துவதுபோல், இறங்கிக்கொண்டே இருந்தது.

அதுவரை ஒரு நாளில், இரண்டு நாளில் குறைந்ததைத்தான் பார்த்திருக்கிறேன். கண்ணெதிரே குறைந்து பார்த்ததில்லை. வென்டிலேட்டர் வழியாக அந்த நாற்றம் ஒருமுறை கனமாக வந்து அடித்தது. தொட்டியைத் திறந்துவிட்டார்கள் என்று எனக்குப் புரிந்தது.

லேசரை அணைத்துவிட்டு ஓடினேன். தோழியை வகுப்பிலிருந்து கூப்பிட்டேன். என் முகத்தைப் பார்த்ததும் சாக்பீஸைப் போட்டுவிட்டு வந்தாள். சுவரைச் சுற்றிக்கொண்டு பட்டறை வாசலுக்குப் போவதற்குள் உள்ளேயிருந்து கூச்சல் கேட்டது.

தொட்டியின் பலகை ஒன்று நகர்த்தப்பட்டிருந்தது. மோட்டார் அடைத்துக்கொண்டதாம். சேற்றைக் கிளறிவிட ஒருவர் இறங்கியிருக்கிறார். கிளறியதும் அப்படியே சாய்ந்துவிட்டார். அவரைத் தூக்க இரண்டாவது ஆள் இறங்கினான். அது எங்கள் வீட்டில் குடியிருந்தவரின் சித்தப்பா மகன். அவனும் எழவில்லை. மூன்றாவது ஆள் இறங்கப் போக, அவரைப் பின்னாலிருந்து இரண்டு கைகளாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார் குடியிருந்தவர். பிடிபட்டவர் திமிறினார், கடித்தார். அவர் விடவில்லை.

“விட்டுத் தொலைடா! உந்தம்பி உள்ள கெடக்கறான். நீயும் போமாட்ட, போறவனையும் வுட மாட்டயா?” என்று மேஸ்திரி கத்தினார்.

“எறங்காதீங்க, எறங்காதீங்க!” அது மட்டும்தான் அவரால் சொல்ல முடிந்தது. அவர் கண்கள் அந்தத் திறப்பையே பார்த்துக்கொண்டிருந்தன.

தோழி திறப்புக்கு முன்னால் போய்க் கைகளை விரித்து நின்றாள். எல்லோரையும் காற்று வரும் பக்கத்துக்குப் போகச் சொன்னாள். மற்றப் பலகைகளையும் கயிறு கட்டித் தூரத்திலிருந்து இழுக்க வைத்தாள். தீயணைப்பு வண்டி வந்து, முகமூடி போட்டவர்கள் இறங்கினார்கள். இருவரையும் மேலே கொண்டுவந்து படுக்க வைத்தபோது உயிர் இல்லை. அவர்கள் சட்டைப் பையில் இருந்த சில்லறைக் காசுகூட நிறம் மாறியிருந்தது.

முதலாளி மத்தியானம் வந்தார். என்னைப் பார்த்தார். “மேஸ்திரி எறக்கிட்டானுங்க டீச்சர். எனக்குத் தெரியாதுங்க” என்றார். அவர் பொய் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அதற்குப் பின்னால் நடந்ததுதான் எனக்கு ஆறவேயில்லை. இறந்தவனின் பெற்றோர் ஊரிலிருந்து வந்தார்கள். வேலைக்குக் கூட்டி வந்தவனே கண்முன்னால் சாகவிட்டுவிட்டான் என்று அவன் தாய் எங்கள் வாசலில் மண்ணை வாரித் தூற்றினாள். நான் போய், அவர் இறங்கியிருந்தால் மூன்று பிணம், அவர் பிடித்து நிறுத்தியவரையும் விட்டிருந்தால் நான்கு என்று சொல்லிப் பார்த்தேன். வாயுவைப் பற்றிச் சொன்னேன். அந்த அம்மாள் என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்: “ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமா தாயி? தெரிஞ்சுமா அந்தக் குழி அங்கன இருந்துச்சு?”

எனக்குப் பதில் இருந்தது. முதலாளியிடம் போய்ச் சொன்னோம், ஆட்களிடம் இவர் சொன்னார் என்ற பதில். அதைச் சொல்லாமல், உள்ளே போய் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்தேன்.

குடியிருந்தவரோடு பட்டறையில் யாரும் உட்கார்ந்து சாப்பிடவில்லை. அவர் பிடித்து நிறுத்திய மூன்றாவது ஆள்கூட அவரிடம் பேசவில்லை. உயிரோடு இருப்பதே அவர் செய்த தப்புபோல் ஆயிற்று. உரத்த குரல் போய்விட்டது. சாயங்காலங்களில் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் உள்ளேயே இருந்தார்கள். ஒரு நாள் காலையில் சாமான்களைக் கட்டி வாசலில் வைத்திருந்தார்கள். மனைவி என்னிடம் விடைபெற வந்தாள்.

“நீங்க சொல்லலேன்னா இவுகளும் போயிருப்பாக. எனக்குத் தெரியும்க்கா” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். “ஆனா இவுக அப்படி நினைக்கலக்கா. எதுக்கு அந்தம்மா எங்கிட்ட மட்டும் சொன்னாகன்னு தூக்கத்துல கேக்குறாக.”

அவர் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். என் பக்கம் திரும்பிக் கும்பிட்டார்.

அவர்கள் போனதும் பட்டறை சில மாதம் மூடிக் கிடந்தது. பிறகு வேறு பெயர்ப்பலகையோடு திறந்தது. தொட்டியை இடித்துவிட்டார்கள் என்றார்கள். சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தேன். இடித்திருந்தார்கள். சற்றுத் தள்ளி, அதைவிடப் பெரிதாக ஒன்றை வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

என் ஆய்வு முடிந்தது. வெள்ளியின் மேல் கண்ணாடி போன்ற மெல்லிய சிலிக்கா பூச்சு கொடுத்துப் பார்க்கலாம் என்று வழிகாட்டி சொன்னார். அது வெள்ளியைக் காப்பாற்றியது. பூச்சின் தடிமனைச் சரியாக வைத்தால் பச்சையும் கூடியது. மாதக்கணக்கில் முள் இறங்கவில்லை. ஆய்வேட்டில் அந்த அத்தியாயத்தைத்தான் எல்லோரும் பாராட்டினார்கள். வாய்மொழித் தேர்வில், வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், பூச்சு இல்லாத துண்டுகள் இவ்வளவு வேகமாகக் கெட்டதற்கு என்ன காரணம் என்று கேட்டார். சுற்றுப்புறக் காற்றில் இருந்த கந்தக வாயு என்றேன். “அவ்வளவு அதிகமாகவா?” என்றார் ஆச்சரியமாக. ஆமாம் என்றேன். தலையாட்டிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

சில வருடம் கழித்து, ஈரோட்டிலிருந்து வரும்போது ரயில் ஊத்துக்குளியில் நின்றது. பிளாட்பாரத்தில் பால் கேன்களை இறக்கிக்கொண்டிருந்தவரைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அவரும் என்னைப் பார்த்துவிட்டார். ஜன்னலுக்கு அருகே வந்தார். ஒரு வெண்ணெய்க்காரரிடம் வேலை, மனைவி சுகம், ஒரு பெண் குழந்தை என்றார். ஊருக்குப் போவதுண்டா என்று கேட்டேன். இல்லை என்று தலையை அசைத்தார்.

“மூக்குல ஒண்ணும் தெரியறதில்லைக்கா” என்றார். “பால் புளிச்சதுகூடத் தெரியாது. புள்ளைதான் மோந்து பாத்துச் சொல்லும். டாக்டரு ஒண்ணுமில்லங்கறாரு.”

வண்டி நகரத் தொடங்கியது. அவர் கூடவே கொஞ்ச தூரம் நடந்து வந்தார். தூக்கத்தில் கேட்ட அந்தக் கேள்வியைக் கேட்க நினைப்பவர்போல் வாயைத் திறந்தார். பிறகு கேன்களைப் பார்த்துத் திரும்பிவிட்டார்.